ஒரு வாள், மூன்று ஊர்

மஸ்கட் வந்த நான்காவது வருடம் 85 ரியால் கொடுத்து ஒரு வாள் வாங்கினேன். முத்ரா சூக்கில், கடற்கரைச் சாலையிலிருந்து நுழைந்து கொஞ்சம் தள்ளி ஒரு கடை. கடைக்காரர் மலையாளி. "சேட்டா, இது எந்த ஊர் வாள்?" என்று கேட்டேன். "அரேபியன். முந்நூறு வருஷம் பழக்கம் உண்டு" என்றார். வளைந்த அலகு, அதில் தண்ணீர் அலை மாதிரிக் கோடுகள், பிடியோரம் நிறைய அரபு எழுத்து. வேறென்ன வேண்டும்? பேரம்கூட ஒழுங்காகப் பேசவில்லை.

நான் காயல்பட்டினத்துக்காரன். சின்ன வயதில் ஓதப் போனதால் அரபு எழுத்தைக் கூட்டி வாசிக்க வரும். பொருள்தான் பாதிக்கு மேல் தெரியாது. அன்று ராத்திரி ரூவியில் என் அறையில் விளக்கடியில் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். கூடவில்லை. ஒரு அலிஃப், ஒரு லாம், அப்புறம் கொடி மாதிரி சுழித்துக்கொண்டு போகும் ஏதோ ஒன்று, நடுவில் எந்த எழுத்துக்கும் சொந்தமில்லாத மூன்று புள்ளிகள். அரபு தெரியாத ஒருவர் அரபைப் பார்த்து வரைந்த கோலம் அது.

மறுநாள் வேலைக்குக் கொண்டுபோனேன். ஒரு வொர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். தடிமன் அளக்கிற வெர்னியர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அலகின் முதுகைப் பிடியருகே அளந்தேன்: 4 மி.மீ. நடுவில் 4. நுனிக்கு நான்கு விரல் முன்னால் அளந்தாலும் அதே 4. எங்கள் வெல்டர் தம்பி, தூத்துக்குடிப் பையன், பிடிக்கும் அலகுக்கும் இடையிலிருந்த இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தான். "அண்ணே, உள்ள ஆர்க் வெல்டிங் அடிச்சிருக்காங்க. ஸ்லாக்கைக்கூடத் தட்டல" என்றான்.

அந்த வாளை நான் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கும் வைத்திருக்கிறேன். புதிதாக ஆர்வத்தோடு யாராவது வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். ஏனென்றால் போலிக்கு வேண்டிய எல்லா அடையாளமும் அதில் இருக்கிறது. சம்மட்டியால் அடித்துச் செய்த பழைய அலகு பிடியருகே தடித்து, நுனிக்குப் போகப்போக மெலியும். கை வீசும்போது நுனி இழுக்கக் கூடாது என்பதற்காகக் கொல்லர் செய்கிற வேலை அது. தகட்டை வெட்டிக் கிரைண்டரில் கூர் வைப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. தகடு எத்தனை தடிமனோ, வாளும் முழுக்க அத்தனை தடிமன். என்னுடைய 85 ரியால் வாள் தராசில் 1,350 கிராம். இதுவரை நான் எடை போட்ட பழைய வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான் நின்றன. துருவும் அப்படித்தான். அமிலம் ஊற்றி வரவழைத்த துரு ஆரஞ்சு நிறத்தில், அலகு முழுக்க ஒரே சீராக, தொட்டால் கையில் மஞ்சள்தூள் மாதிரி ஒட்டும். காலத்தில் வந்தது கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமுமாக, இடத்துக்கு இடம் மாறி, இரும்போடு இரும்பாக இறுகிக் கிடக்கும்.

ஆனால் இதெல்லாம் பழசா புதுசா என்பதற்கான விடைதான். எந்த ஊர் என்ற கேள்வி அப்படியே நின்றது. அந்தக் கேள்வியை நான் தப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று புரிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

ஓமானின் உள்நாட்டு ஊரான நிஸ்வாவில் வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டுச் சந்தை கூடும். ஆடுகளை வட்டமாக நடத்திக்கொண்டே ஏலம் விடுவார்கள். அதைப் பார்க்கப் போன சாக்கில் கோட்டைக்குப் பக்கத்தில் வெள்ளி வேலை செய்யும் ஒரு பெரியவரின் கடையில் உட்கார ஆரம்பித்தேன். கஹ்வாவும் பேரீச்சம்பழமும் தராமல் பேச்சைத் தொடங்கமாட்டார். ஒரு நாள் அவர் கடையில் தொங்கிய நேர்வாளைக் காட்டி, "அம்மி, இது எந்த ஊர்?" என்றேன். பெரியவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது. சித்தப்பா என்கிற மாதிரி. அவர் வாளை உறையிலிருந்து உருவி, மூன்று விரலை மடக்கினார். "நஸ்ல் எந்த ஊர்? கப்ழா எந்த ஊர்? கிம்து எந்த ஊர்? எதைக் கேட்கிறாய்?" அலகு, பிடி, உறை. மூன்றும் ஒரே ஊரில் பிறந்து ஒன்றாகவே வளர்ந்த வாளை அரேபியாவில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம் என்றார்.

அலகிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் காட்டிய வாளை அப்புறம் நானே 160 ரியாலுக்கு வாங்கினேன். இருபுறமும் கூர், நடுவில் நீளவாட்டில் மூன்று பள்ளம், அலகின் தடிமன் பிடியிலிருந்து நுனிவரை 5.1, 3.6, 2.2 மி.மீ. என்று அழகாக இறங்குகிறது. பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, உளியால் ஏழெட்டு வெட்டில் கீறிய ஒரு விலங்கு. சந்தையில் இருந்துவிட்டு வந்ததாலோ என்னவோ எனக்கு ஆடாகத்தான் தெரிந்தது. ஓநாயாம். ஜெர்மனியில் பாசாவ் நகரத்துக் கொல்லர்கள் தொடங்கிவைத்த முத்திரை, பின்னால் சோலிங்கன் கொல்லர்கள் எடுத்துக்கொண்டார்கள். சோலிங்கன் அலகுகள் கட்டுக்கட்டாகக் கப்பலேறி செங்கடல், இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களுக்கெல்லாம் போயின. பிடி இல்லாமல் வெறும் அலகாக வரும். வாங்கிய ஊரில் பிடி போட்டுக்கொள்வார்கள். இந்தியாவில் 'ஃபிரங்கி' என்று சொல்கிற வாள்களின் கதையும் இதேதான்.

சரி, ஓநாய் இருந்தால் சோலிங்கனா? அதுவும் இல்லை. ஓநாய் போட்டால் நல்ல விலை போகும் என்று தெரிந்ததும் எல்லா ஊர்க் கொல்லரும் போட ஆரம்பித்துவிட்டார்கள். முகம் வரைந்த பிறைநிலா முத்திரைக்கும் இதே கதி. முத்திரையை நம்புவதற்கு முன்னால் பள்ளங்களைப் பார்ப்பேன். ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடி ஒரே இடத்தில் முடிந்தால் ஐரோப்பியப் பட்டறை என்று நினைக்க இடமுண்டு. கொஞ்சம் தள்ளாடினால் உள்ளூர்க் கை.

வளைந்த அலகுகளில் இன்னொரு தொல்லை, அசதுல்லா. ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்துப் புகழ்பெற்ற வாள் கொல்லர். மன்னர் ஷா அப்பாஸ் காலத்தவர் என்று சொல்வார்கள். அவர் பெயர் பொறித்த எல்லா வாளையும் அவரே அடித்தார் என்றால் மனிதர் இருநூறு வருடமாவது தூங்காமல் வேலை பார்த்திருக்க வேண்டும். பெயரைவிட எண்கள் உதவும். 4, 5, 6 மூன்றையும் பாரசீகத்தில் ஒரு மாதிரியும் அரபில் வேறு மாதிரியும் எழுதுவார்கள். பொறித்த கை எந்த மரபில் பழகியது என்று அங்கே தெரிந்துவிடும். ஆண்டு ஹிஜ்ரியில், அதாவது இஸ்லாமிய ஆண்டுக் கணக்கில் இருக்கும். 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்: 1311 என்றால் 1893, 1894 வாக்கில். நான்கு கட்டத்துக்குள் 2, 4, 6, 8 என்ற எண்களோ அவற்றுக்குரிய எழுத்துகளோ இருந்தால் அது ஆண்டு அல்ல. 'பதூஹ்' என்கிற காப்புச் சதுரம். நம்மூர்த் தாயத்து மாதிரி. நான் முதலில் அதை 2468 என்று படித்து, அப்படி ஒரு ஹிஜ்ரி ஆண்டு வர இன்னும் ஆயிரம் வருடம் ஆகுமே என்று முழித்தேன்.

அப்புறம் நம் பக்கத்துக் கதை. அரபியில் 'முஹன்னத்' என்றால் ஹிந்த், அதாவது இந்தியாவிலிருந்து வந்த வாள், இந்திய இரும்பில் செய்த வாள். இன்றும் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-கிந்தி என்ற அறிஞர் கலீஃபாவுக்காக வாள் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் யமன் வாள், ஹிந்த் வாள் என்பதோடு சரந்தீப், அதாவது இலங்கை, இரும்பும் வருகிறது. சரந்தீப் இரும்பை வேறு ஊர்களில் கொண்டுபோய் வாளாக அடித்தார்கள் என்றும் சொல்கிறார். நிஸ்வாப் பெரியவரின் மூன்று விரல் அப்போதே மடங்கியிருக்கிறது. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவில் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய பழைய உலைகளை அகழாய்வில் கண்டுபிடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கொடுமணலிலும் மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) உருக்கு எடுத்த தடயங்கள் கிடைத்தன.

அந்த மூசை உருக்கில் அடித்த அலகில்தான் 'ஜவ்ஹர்' என்கிற நீரோட்டம் வரும். என் முதல் வாளிலிருந்த அலை, மேலே அமிலத்தால் அச்சடித்தது. ஓரிடத்தில் நைஸான எமரித்தாளால் தேய்த்ததும் போயே போய்விட்டது. நிஜ ஜவ்ஹர் இரும்புக்குள் இருப்பது. தேய்த்து மறைந்தாலும் பதமான கரைசலில் மறுபடி எழும். அந்தக் காலத்தில் அன்னபேதி இனத்து உப்புகளைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கு 'டமாஸ்கஸ்' என்று விற்கும் புதுக் கத்திகளில் இருப்பது வேறு: இரண்டு வகை எஃகை மடித்து மடித்து ஒட்டியது. முதுகைப் பார்த்தால் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி அடுக்குக் கோடு தெரியும். இதை நீங்களே சோதிக்கப் போகாதீர்கள். நல்ல அலகில் எமரித்தாள் வைத்தால் வைத்ததுதான்.

பிடிக்கு வருவோம். ஊர் சொல்வதில் மூன்றில் நம்பகமானது இதுதான், ஏனென்றால் கையும் பழக்கமும் உள்ளூருடையவை. ஓமானின் நேர்வாளுக்குக் கைக்காப்பே, அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவில் கையைக் காக்கும் குறுக்குத் தடுப்பே கிடையாது. நீண்ட உருளைப் பிடி, தோலோ வெள்ளிக் கம்பியோ சுற்றியது. அதற்கு முந்தைய வடிவம் ஒன்றில் சின்னப் பிடியும் கீழ்நோக்கி வளைந்த காப்பும் இருக்கும். மஸ்கட்டில் 2016இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்திலும் பைத் அல் சுபைரிலும் போய் வாள்களை ஒரு மணி நேரம் பார்த்தால், நாலு கடை ஏறி இறங்குவதைவிடக் கண் பழகும். பெயரில் ஒரு குழப்பம் உண்டு: சேகரிப்பாளர்கள் இந்த நேர்வாளைக் 'கத்தாரா' என்பார்கள்; ஓமானியர்களிடம் கேட்டால் நேரானது 'சைஃப்', வளைந்ததுதான் கத்தாரா. நம் 'கட்டாரி' காதில் விழுகிற மாதிரி இருக்கும், ஆனால் அதை வைத்து நான் எதுவும் சொல்ல வரவில்லை.

நேர்வாளில் இன்னொரு சங்கதி. ரஸ்ஹா ஆட்டத்தில் வாளை உதறி அதிரவிடுவார்கள், மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். அதற்காக மெல்லிய, துவளும் அலகோடு இன்றும் செய்கிறார்கள். அவை போலி இல்லை, புதுசு. புதுசைப் பழசு என்று சொல்லி விற்கும்போதுதான் போலி.

வளைந்த வாளில் பிடியின் தலையிலிருந்து காப்புவரை ஒரு சங்கிலி தொங்கினால் அரேபியத் தீபகற்பத்துப் பக்கம் என்று தேட ஆரம்பிக்கலாம். வட ஆப்பிரிக்காவின் 'நிம்சா'வில் காப்பின் கைகள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதன் உறவுக்கார வடிவம் ஓமானியர் ஆண்ட சான்சிபார் வரை உண்டு. சிலுவை மாதிரிக் காப்பும் நேர் அலகும் இருந்தால் அது பெரும்பாலும் சூடானின் 'கஸ்காரா'. கடைகளில் இதை அரபு வாள் என்றும், துணிந்தவர்கள் சிலுவைப்போர் வாள் என்றும் சொல்லி விற்பார்கள். மிகவும் சிக்கலானது ஹத்ரமௌத் பாணி. புடைப்பு வேலை செய்த வெள்ளிப் பிடி. பார்த்தால் அசல் தெற்கு யமன். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஹத்ரமௌத்திலிருந்து ஏராளமானோர் ஹைதராபாத் நிஜாமிடம் சிப்பாயாகப் போனார்கள். அவர்கள் குடியிருந்த பார்க்கஸ் பகுதி இன்றும் இருக்கிறது. படைக் குடியிருப்பைக் குறிக்கும் ஆங்கில 'பாரக்ஸ்'தான் அப்படி மருவிவிட்டது. அங்கே இருந்துகொண்டே தங்கள் ஊர்ப் பாணியில் பிடி செய்வித்தார்கள். ஆக ஹத்ரமௌத் பிடி ஹைதராபாத்தில் பிறந்திருக்கலாம்.

வெள்ளிக்கு நம் தட்டார் வைத்திருக்கிற உரைகல் போதும். வெள்ளி என்று சொல்லி ஜெர்மன் சில்வரை வைத்து ஏமாற்றுவது இந்த உரசலில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்தப் பக்கத்துப் பழைய வெள்ளி பெரும்பாலும் மரியா தெரசா நாணயத்தை உருக்கியது. எப்போது அடித்தாலும் 1780 என்றே போடும் ஆஸ்திரிய நாணயம், 28 கிராம் எடை, ஆயிரத்துக்கு 833 வெள்ளி. எனவே நகைக்கடை 925 தரம் வந்தால் மகிழ்ச்சி வேண்டாம், சந்தேகம் வரட்டும்.

ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன, முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வாள் வாங்கி இங்கே கொண்டுவரலாம் என்றால், 1972 தொல்பொருள் சட்டம் விடாது. காண்டாமிருகக் கொம்பு, தந்தப் பிடிகளை நான் தொடுவதே இல்லை.

2019இல் உம்மா விசிட் விசாவில் வந்தார்கள். வந்த மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து திரும்பினால், ஓநாய் வாள் பால்கனியில் வெயிலில் காய்கிறது. "துருப் புடிச்சுக் கெடக்கே வாப்பா, அதான் புளி போட்டுத் தேச்சு வச்சேன்" என்கிறார்கள். பித்தளைச் செம்பு மாதிரி பளபளக்கிறது. ஓநாயைச் சுற்றி ஒன்றரைச் சாண் இடத்தில், காலம் ஏற்றிய கறுப்பு மொத்தமும் வடிகால் வழியாகப் போய்விட்டது. புளியின் அமிலத்தைச் சரியாகக் கழுவவில்லை, கடல் ஈரம் வேறு. மறுநாள் காலை அங்கே செம்மண் நிறத்தில் புதுத் துரு.

தாயிடம் என்ன சொல்ல முடியும். பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவி, வாரம் ஒரு தடவை துடைத்துத் தடவி என்று நாலு மாதம் பார்த்ததில் துரு நின்றது. கறுப்பு திரும்பவில்லை. அன்றிலிருந்து என் ஒழுங்கு இதுதான்: ஓடுகிற துருவை எண்ணெயில் ஊறவைத்து மூங்கில் சீவலால் சுரண்டுவேன், அதற்கு மேல் கை வைக்கமாட்டேன். வெள்ளியை மினுக்கமாட்டேன். அலகைத் தோலுறைக்குள் போட்டு வைக்கவும் மாட்டேன், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் முகம் வாடியிருந்ததை உம்மா கவனித்துவிட்டார்கள். பரிகாரமாக, உறையில் பிரிந்து கிடந்த தோலைத் தைத்துத் தருகிறேன் என்றார்கள். பழைய தையல் ஓட்டை வழியாகவே ஊசி போகட்டும், புதுசாக ஓட்டை போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். தோலை விலக்கிப் பார்த்தவர்கள் உள்ளிருந்த மரச்சட்டத்தைத் தட்டினார்கள், முகர்ந்தார்கள். "இது தேயிலைப் பொட்டிப் பலகைல்லா!" என்றார்கள். வாப்பா இருபத்தியிரண்டு வருடம் கொழும்பில் கடையில் இருந்தவர்கள்; ஊருக்குச் சாமான் அனுப்புவது தேயிலைப் பெட்டியில்தான். அந்தப் பலகையில் எங்கள் வீட்டில் கோழிக்கூடுகூட இருந்தது. நான் டார்ச்சை அடித்தேன். மூன்று அடுக்கு ஒட்டுப்பலகை. உள்பக்கம், பாதி அறுபட்ட கறுப்பு ஆங்கில எழுத்துகளில் 'லோம்போ' என்று இருந்தது.

இரண்டு வருடமாகக் கையில் வைத்திருந்தேன். உறையை மட்டும் நான் திறந்தே பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு நிஸ்வா போனேன். பெரியவர் பலகையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "நல்ல பலகை. வளையாது" என்றார். தன் வாப்பா காலத்தில் இதற்காகவே டீக்கடைகளில் சொல்லிவைத்துப் பெட்டி வாங்குவார்களாம்.

இப்போது ஒவ்வொரு வாளுக்கும் ஒரு அட்டை எழுதிக் கட்டியிருக்கிறேன். இந்த வாளின் அட்டையில் இருப்பது:

அலகு: மூன்று பள்ளம், ஓநாய் முத்திரை. சோலிங்கனாக இருக்கலாம். புளி பட்டது.
பிடி: ஓமான், உள்நாட்டு வேலை. வெள்ளிக் கம்பி.
உறை: கொழும்புத் தேயிலைப் பெட்டி, உள்ளூர் ஆட்டுத்தோல். தையல்: உம்மா, ரூவி, 2019.